சிலியின் நீளம்

தென் அமெரிக்கப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் இரண்டு பீரியடில் ஓட்டி முடிக்கும் வழக்கம் இப்போதும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் அதே கதைதான். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து பர்மாவுக்குப் போயிருக்கிறார்கள், மலேயாவுக்குப் போயிருக்கிறார்கள், சிலோனுக்குப் போகாத குடும்பமே இல்லை. தென் அமெரிக்காவுக்கு யார் போகப்போகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் சிரித்துக்கொள்வோம்.

புவியியல் சொல்லித்தர இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்சம் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். பாடம் நடத்தும் முறையெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் கைவைக்கப்போவதில்லை. அறுபதாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஆண்டின் நான்காம் பாரம் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய கணக்கில் அது ஒன்பதாம் வகுப்பு.

புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். தென் அமெரிக்கச் சுவர்ப்படத்தை மாட்டி, மேற்குக் கரையோரம் பிரம்பை வைத்து, "இதுதான் சிலி" என்றேன். ஒல்லியாக நீண்டு கிடக்கும் நாடு. ஒரு பக்கம் ஆண்டீஸ் மலை, இன்னொரு பக்கம் பசிபிக் கடல், நடுவில் நாடா மாதிரி நிலம். "மொளகா மாதிரியே இருக்கு டீச்சர்!" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டாவது பெஞ்சில் இருந்த சபியா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"எங்க வாப்பா அங்கதான் இருக்காக டீச்சர்."

சபியாவின் ஊர் கோட்டைப்பட்டினம். புதுக்கோட்டையில் தாயின் தங்கை வீட்டில் தங்கிப் படித்தாள். அவளுடைய தகப்பனார் காதர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கல்கத்தாவில் அவர் ஏறிய கப்பல் எங்கெங்கோ சுற்றிவிட்டு வெடியுப்பு ஏற்ற சிலிக்குப் போயிருக்கிறது. அங்கே மூட்டை சரிந்து விழுந்து அவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. துறைமுகத்து ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. கூட வேலை பார்த்தவர் ஊர் திரும்பி இதைச் சொல்லி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"எந்த ஊர்னு சொன்னாங்களாம்மா?"

"அண்டோபகஸ்தானோ என்னமோ சொன்னாக. வாயில நொழைய மாட்டேங்குது."

நான் படத்தில் தேடினேன். வடக்கே, கடலோரத்தில், சின்ன எழுத்தில் இருந்தது: அன்டோஃபகாஸ்டா. சபியாவை அழைத்து அவள் விரலை அந்தப் புள்ளியில் வைத்தேன். பிறகு பாடம் தானாக நடந்தது. அந்த ஊர் எப்படி இருக்கும், என்ன சாப்பிடுவார்கள், என்ன பாஷை என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடலை ஒட்டியே பாலைவனம், மழை பெய்வதே அபூர்வம், செம்புச் சுரங்கமும் வெடியுப்பும்தான் பிழைப்பு, நடுச் சிலியில் கோதுமையும் திராட்சையும், தெற்கே போனால் காடும் ஓயாத மழையும், அதற்கும் தெற்கே பனி. ஒரே நாட்டுக்குள் இவ்வளவும். ஸ்பானிய பாஷை பேசுகிறவர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று மாலை நூலகத்துக்குப் போய் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

மே மாதம் விடுமுறை. விராலிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு விவசாயம். நெடுஞ்சாலை டீக்கடையில் பேப்பர் வாங்கி வந்து அவருக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. அன்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சிலி நாட்டில் கடும் பூகம்பம். ஊர்கள் தரைமட்டம். கடல் பொங்கி உள்ளே புகுந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சபியாவின் விரல்.

செய்தியை மறுபடி படித்தேன். அதில் ஊர்ப் பெயர்கள் இருந்தன. கன்செப்சியான், வால்டிவியா. இரண்டும் தெற்கே. எனக்கு அது தெரியும். கோட்டைப்பட்டினத்தில் யாருக்குத் தெரியும்? அங்கேயும் டீக்கடையில் இதே பேப்பரை யாரோ உரக்கப் படித்திருப்பார்கள். "சிலி" என்ற சொல் மட்டும் காற்றில் அந்த வீட்டுக்குப் போயிருக்கும்.

சேலையை மாற்றிக்கொண்டு நான் கிளம்புவதைப் பார்த்து அப்பா கேட்டார்: "ஏத்தா, லீவுல எங்கிட்டுக் கெளம்பிட்ட?"

"கோட்டைப்பட்டினத்துக்குப்பா."

"அங்க யாரு ஒன்னைய கூப்புட்டா?"

யாரும் கூப்பிடவில்லை. அதுதான் என்னையும் உறுத்தியது. ஒரு மாணவியின் வீட்டுத் துக்கத்தில், அதுவும் பழக்கமில்லாத வீட்டில், விடுமுறை நாளில், கல்யாணமாகாத ஒரு டீச்சர் போய் நிற்பதா? கூப்பிட்டால் போவதுதான் மரியாதை என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் என்னைக் கூப்பிடலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றாது என்றும் பட்டது. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "இருட்டுறதுக்குள்ள புதுக்கோட்டைக்காவது வந்து சேந்துரு" என்றார்.

புதுக்கோட்டையில் இறங்கி நேராகத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனேன். அவர் பெயரைச் சொல்வதில்லை; தன்னைப் பற்றி யாரும் மேடையில் பேசக் கூடாது என்று ஓய்வு பெற்ற அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனவர். அதிகம் பேசமாட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சாவியை எடுத்து வந்தார். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து, தென் அமெரிக்கப் படத்தையும் இந்தியப் படத்தையும் அவரே சுவரிலிருந்து இறக்கிச் சுருட்டினார். பள்ளிப் பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி உண்டு. அதைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள், "கிழிஞ்சா நான் பாத்துக்குறேன்" என்றார். வாசல்வரை வந்தவர் என்னை நிறுத்தினார்.

"அங்க போயி அவரு உயிரோட இருக்காருன்னு சொல்லிராத."

"இல்லம்மா, அவரு இருக்குற ஊரு வடக்க..."

"எனக்குப் புரியுது. அந்தப் பொண்ணு ஒன் கையப் புடிச்சுக்கிட்டு கேக்கும். சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வரும். நீ ஜாக்ரபி டீச்சர். ஜோசியக்காரி இல்ல."

பஸ்ஸில் அந்த இரண்டு சுருளும் என் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. "என்ன டீச்சர், விராலிமலைக்குக் காவடியா? அதுக்கு எதுத்த பக்கமுல்ல போகணும்?" என்று கண்டக்டர் கேலி செய்தார். அறந்தாங்கியில் வண்டி மாறினேன். கடற்கரைச் சாலையில் உப்புக் காற்று வீசத் தொடங்கியதும் சந்தேகங்கள் வந்தன. நான் தப்பாக நினைத்திருந்தால்? கப்பல்காரர் சொன்ன ஊர்ப்பெயர் வேறாக இருந்தால்? சபியாவுக்கு அது சரியாக நினைவில்லாமல் போயிருந்தால்? பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெரிந்ததைச் சொல்லப் போகும்போதுதான் தெரியாததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

வீட்டு வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். என்னைக் கண்டதும் சபியா உள்ளேயிருந்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய உம்மா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். செய்தி கேட்டதிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள்.

வீட்டுக்குப் பெரியவர் காதருடைய அண்ணன். சபியாவுக்குப் பெரிய வாப்பா. நரைத்த தாடி, கப்பலில் உழைத்து முறுகிய கை. அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் தம்பிக்காகத் தொழுகை நடத்துவது. உடல் இல்லாமலே இறந்தவருக்காகத் தொழும் தொழுகை அது. அன்றிலிருந்து சபியாவின் உம்மா இத்தா இருப்பது, அதாவது விதவை வெளியே வராமல் இருக்கும் காலம். சபியாவும் இனிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்க்குத் துணையாக வீட்டில் இருப்பது. அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பிக்குச் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"வாங்க டீச்சரம்மா. துக்கம் கேக்க இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க" என்றார்.

"நான் துக்கம் கேக்க வரலங்க. ஒரு படத்தக் காட்ட வந்திருக்கேன். பாத்துட்டு நீங்க எது செஞ்சாலும் சரி."

முற்றத்தில் பாய் விரித்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். காற்றில் சுருண்டுகொண்டேயிருந்தன. பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் சிலி. பேப்பர்ல போட்டிருக்குற ஊருங்க இங்க இருக்கு, கீழ. சபியா, வாப்பா இருக்குற ஊரு எதும்மா?"

சபியா தயங்காமல் மேலே விரலை வைத்தாள். அவளுக்குப் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் இடம் மறக்கவில்லை. ஊர் திரும்பிய அந்தக் கப்பல்காரரும் வாசலில்தான் நின்றார். "ஆமா, அண்டோபகஸ்தாதான். மழையே காணாத ஊரு. பின்னால மொட்டை மலை" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பெரிய வாப்பா குனிந்து பார்த்தார். "ஒரே நாடுதான டீச்சரம்மா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்லியே. ஆடுனா மொத்தமாத்தான ஆடும்?"

படத்தில் ஒரு சாண்தான். அதை எப்படி நிலமாக்கிக் காட்டுவது? நூல் ஒன்று கேட்டேன். வலை பின்னும் நூலைக் கொண்டுவந்தார்கள். அன்டோஃபகாஸ்டாவுக்கும் வால்டிவியாவுக்கும் நடுவே நூலை வைத்து அளந்து, படத்தின் மூலையில் இருந்த அளவுக்கோட்டில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஆயிரம் மைலுக்கு மேல் வந்தது. ஆயிரம் மைல் என்று சொன்னால் யாருக்கு என்ன தெரியும்? இந்தியப் படத்தில் அதே தூரத்துக்கு நூலை அளந்து, ஒரு நுனியைக் கோட்டைப்பட்டினத்துக் கரையில் வைத்து மேலே நீட்டினேன். மறு நுனி வங்காளத்தில் போய் விழுந்தது.

"இது எந்த ஊரு?" என்றார் பெரிய வாப்பா.

"கல்கத்தாங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்கத்தா அவருக்குத் தெரியும். வாலிபத்தில் அவரும் அங்கேதான் கப்பல் ஏறினார். பகலும் இரவுமாக ரயிலில் உட்கார்ந்து, பாஷை மாறி, சாப்பாடு மாறி, தண்ணீர் மாறி, இன்னும் வரவில்லையா இன்னும் வரவில்லையா என்று கேட்டுக் கேட்டுப் போன ஊர். அவர் பாயில் மெதுவாக உட்கார்ந்தார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "கல்கத்தாவுல செவரு விழுந்தா இங்க ஓடு ஒடையாது" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் நின்ற ஒரு வாலிபர் கேட்டார்: "டீச்சர், கடலு பொங்குனது ஜப்பான் வரைக்கும் போயிருச்சுன்னு மத்தியானம் ரேடியோவுல சொன்னாகளே. அந்த ஊருந்தான் கடக்கரையில இருக்கு?"

சபியாவின் உம்மா என் கையைப் பிடித்தார். "சொல்லுங்க டீச்சர். தண்ணி அங்க போயிருக்காதுல்ல? போயிருக்காதுன்னு சொல்லுங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். போயிருக்காது என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. ஒரு சொல், அந்த அம்மாள் ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பார். பிறகு வேறு செய்தி வந்தால் அந்தத் தண்ணீரே அவருக்கு விஷமாகியிருக்கும்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "பூமி பொளந்த எடம் அவரு இருக்குற எடம் இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும். எங்க வேணும்னாலும் சொல்லுவேன். கடலு அங்க என்ன செஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியாது. இங்க இருக்குற யாருக்கும் தெரியாது."

அவர் கையை விட்டுவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்தது தப்போ என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

பெரிய வாப்பாதான் பேசினார். "தெரியாதுன்னா பொறவு எதுக்குத் தொழுக?" என்றார், கூட்டத்தைப் பார்த்து. "இருக்கானா இல்லையான்னு தெரியாம ஒரு மனுசன மவுத்தாக்குறதுக்கு நாம யாரு? வெள்ளிக்கிழமை அவன் நல்லா இருக்கணும்னு துஆ கேப்போம். மத்தத ஆள விட்டு விசாரிச்சுட்டுப் பேசுவோம்." பிறகு தம்பி மனைவியிடம் திரும்பினார். "நீ எந்திரிச்சு ஒரு வாய் கஞ்சியக் குடி. அவன் வந்தா என்னையத்தான கேப்பான்."

அந்த அம்மாள் குடித்தார். எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி வந்தது. அவ்வளவு பசியோடு இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ் ஏற்றிவிட வந்த பெரிய வாப்பா சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்கும்னு சொல்லியிருந்தீகன்னா, ஆறுதலுக்குச் சொல்றீகன்னு நெனச்சுருப்பேன். நீங்க தெரியாதுன்னு சொன்னீக பாருங்க, அப்பத்தான் மொதல்ல சொன்னதும் நெசம்னு பட்டுச்சு."

மறுநாள் தலைமையாசிரியை கப்பல் கம்பெனியின் சென்னை ஏஜெண்டுக்கு இங்கிலீஷில் விவரம் எழுதிக்கொடுத்தார். பெரிய வாப்பா அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். ஆபீஸில் தந்தி கொடுத்துக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்களாம். "கேட்டுச் சொல்லுங்க, நான் இங்கனயே இருக்கேன்" என்று சொல்லி, பதில் வரும்வரை தெரிந்தவர் கடையில் படுத்து, காலையில் ஆபீஸ் வாசல், மாலையில் கடை என்று கிடந்திருக்கிறார். பள்ளி திறந்த பிறகு ஒரு மத்தியானம், நான்காம் பாரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். நேராக ரயிலடியிலிருந்து வந்திருந்தார். கையில் ஏஜெண்ட் ஆபீஸ் கொடுத்த தந்தி. மேலே கையைக் காட்டினார், பிறகு தம்பி இருக்கிறான் என்பதுபோலத் தலையை ஆட்டினார், சிரித்தார். ஐந்தாம் பாரம் அடுத்த அறை. சபியா அங்கேயிருந்து அவரைப் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடமே வெளியே வந்துவிட்டது. தலைமையாசிரியை மட்டும் தன் அறையை விட்டு வரவில்லை. அன்று மாலை கையெழுத்து வாங்கப் போனபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காதர் மழைக்காலத்துக்குப் பிறகு ஊர் வந்து சேர்ந்தார். அன்டோஃபகாஸ்டாவில் ஒரு கப்பலில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேறு கப்பலில் சூயஸ் வழியாகப் பம்பாயில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். உலகத்தைப் பாதி சுற்றிவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து நடந்துகொண்டு, மனைவியோடும் மகளோடும் பள்ளிக்கு வந்தார். நான் அவரை வகுப்புக்கு அழைத்துப் போய்ப் படத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். உம்மா வாசலை ஒட்டி நின்றுகொண்டார்.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். ஆஸ்பத்திரியில் சமைக்கிற அம்மாள் இவர் பன்றி இறைச்சியைத் தொடாததைப் பார்த்துவிட்டுத் தினமும் மீனும் மொச்சை மாதிரி ஒரு பயறும் தனியாக ஆக்கித் தந்தாராம். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் எங்கோ மலையிலிருந்து வருகிறதாம். வாசலில் ஒரு செடி வைத்திருந்தால் அந்த வீட்டுக்காரர் வசதியானவர் என்று பொருளாம். பூகம்பத்தன்று அந்த ஊரில் கடல் ஏறி இறங்கியதைச் சனங்கள் மேட்டில் நின்று பார்த்தார்களாம். ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு வயசாளி. சொரங்கத்துல வேல பாத்தவரு. அன்னைக்கு ரேடியோவுல சேதி வந்ததும் அழ ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு அவரு பாஷ தெரியாது. என்னன்னு கேட்டேன். படுக்கையில வெரலால நீளமா ஒரு கோடு போட்டாரு. மேல தொட்டு எங்க ரெண்டு பேரயும் காட்டுனாரு. கீழ தொட்டு, கையில புள்ளயத் தூக்கி வச்சுக்கிற மாதிரி காட்டுனாரு. மக அங்க இருக்குன்னு புரிஞ்சுச்சு. நான் கெளம்புற வரைக்கும் அவருக்குச் சேதி வரல. தெனமும் அவரு கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அவர் ஒடிந்த காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"அப்பத்தான் எனக்கும் அழுக வந்துச்சு டீச்சர். நாடு இம்புட்டு நீளம், நான் மேலதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு எங்க வீட்ல யாருக்குத் தெரியப்போகுது? சிலின்னு ஒரு பேரத்தான கேட்டிருப்பாக..."

"எனக்குத் தெரியும்" என்றார் வாசலில் இருந்து அவர் மனைவி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பதை மறந்து, நேராகப் படத்துக்கு நடந்து வந்தார். யாரையும் கேட்காமல் அந்தச் சின்னப் புள்ளியில் விரலை வைத்தார்.

"இங்கன இருந்தீக."